சொந்தமாக நாவல் போடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: திருட்டு பிடிஎஃப், ஒற்றை நட்சத்திரம், இன்ன பிற

11 வருடமாகக் குடும்ப நாவல் எழுதுகிறேன். முதலில் இணையதளத்தில் தொடராக, வாரத்துக்கு இரண்டு எபி (எபிசோட்). 2018-க்குப் பிறகு அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் நானே போடுகிறேன். புனைபெயர்தான், என் மாமியாருக்கு இன்றுவரை நான் "கம்ப்யூட்டர்ல ஏதோ டைப் அடிக்கிற வேலை" பார்க்கிறேன். புதிதாக எழுத வருகிற பெண்கள் வாட்ஸ்அப்பில் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். பழைய வாய்ஸ் நோட்டைத் தேடி ஃபார்வர்ட் செய்து அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

பதிப்பகங்கள் இருக்கும்போது நாமே ஏன் போட வேண்டும்?

பதிப்பாளர் எடுத்துக்கொள்கிறார் என்றால் தாராளமாகக் கொடுங்கள். நம் வகைக் கதைக்குப் பெரும்பாலும் ஒரு தொகையை மொத்தமாகக் கையில் கொடுத்து உரிமையை வாங்கிக்கொள்வார்கள், அல்லது "பாதிச் செலவு நீங்க போடுங்கம்மா" என்பார்கள். பாதிச் செலவு நான் போடுவதென்றால் முழுப் புத்தகமும் என்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே.

இது ஒன்றும் புது வழக்கமல்ல. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்ற ஊர் ஊராக முன்பணக் கையொப்பம் வாங்கினார். பாரதி 1920-இல் கடையத்தில் இருந்தபோது தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாக்கி, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அடிக்கத் திட்டம் போட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி விற்றுப்போகும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தார். நமக்கு அச்சுக்கூலி இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழ் வந்தபிறகு, ஒரு வேர்டு கோப்பும் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. எழுத்துரு மட்டும் யூனிகோடாக இருக்க வேண்டும். பழைய பாமினி, வானவில் கோப்புகளை மாற்றாமல் ஏற்றினால் புரியாத எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

ஒரு புத்தகம் விற்றால் கையில் என்ன நிற்கும்?

இந்தியக் கடையில் விலை 99-லிருந்து 449 ரூபாய்க்குள் இருந்து, புத்தகத்தைக் கேடிபி செலக்டிலும் சேர்த்திருந்தால் 70 சதவீதம். (கேடிபி என்பது நாமே புத்தகம் போட அமேசான் வைத்திருக்கும் வசதி; செலக்ட் என்பது மின்னூலை அமேசானுக்கு மட்டுமே கொடுப்பேன் என்று ஒப்புக்கொள்ளும் திட்டம்.) அதில் கோப்பின் எடைக்கு ஏற்ப, ஒரு எம்பிக்கு 7 ரூபாய் வீதம் கழியும். அட்டைப்படத்தைத் தவிர உள்ளே படம் எதையும் வைக்காதீர்கள். மற்ற விலைக்கெல்லாம் 35 சதவீதம். 49 ரூபாய்க்குப் போட்டால் ஒரு பிரதிக்குப் பதினேழு ரூபாய் சொச்சம். ஒரு வடையும் டீயும்.

ஆனால் நம் வருமானம் பெரும்பாலும் விற்பனையில் வருவதில்லை. கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களில்தான் வருகிறது. பக்கத்துக்குச் சில பைசா. அந்தப் பைசாவும் மாதத்துக்கு மாதம் மாறும். ஒருவர் ஒரு பக்கத்தை முதல்முறை படிப்பதற்கு மட்டுமே காசு. பத்து முறை திரும்பப் படித்தாலும் அதேதான். பணம் கைக்கு வர, மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் ஆகும். அமெரிக்காவில் விற்பதற்கு அங்கே வரி பிடிப்பார்கள். கணக்குத் தொடங்கும்போது வரும் வரிக் கேள்விகளுக்குப் பான் எண்ணைக் கொடுத்துப் பதில் சொன்னால் 30 சதவீதம் 15 ஆகக் குறையும். அதை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

தளத்தில் இலவசமாகத் தொடர் போட்டுவிட்டு, பிறகு கிண்டிலில் ஏற்றலாமா?

ஏற்றலாம். நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் செலக்டில் சேர்த்தால் 90 நாளுக்கு அந்தக் கதையின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது. தளத்திலிருந்து எபிகளை எடுத்துவிட வேண்டும். முன்னோட்டமாகப் பத்துச் சதவீதம்வரை விட்டுவைக்கலாம்.

எடுக்கும் அன்றுதான் சண்டை ஆரம்பிக்கும். "நாங்க கமெண்ட் போட்டுத்தானே உங்களை வளர்த்தோம், இப்ப காசு கேக்குறீங்க" என்று எனக்கு முதன்முதலாக வந்த நாளில் நான் அழுதேன். இப்போது யோசித்தால் அவர்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆறு மாதம் வாரம் இருமுறை கூடவே வந்தவர்கள். நாயகியின் தங்கைக்குப் பெயர் வைத்தவரே ஒரு வாசகிதான். கதை தங்களுக்கும் சொந்தம் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்துவிடுகிறது. திருட்டும் சரி, வெறுப்பு விமர்சனமும் சரி, நம் உலகத்தில் பெரும்பாலும் இந்த ஒரு ஊற்றிலிருந்துதான் வருகின்றன என்பது என் அபிப்பிராயம். முன்னறிவிப்பு மட்டும் கொடுங்கள். நான் கடைசி எபி போட்ட நாளிலிருந்து பத்து நாள் விடுவேன். எந்தத் தேதியில் எடுப்பேன் என்று முதல் எபியிலேயே எழுதிவிடுவேன்.

காலையில் வெளியிட்டேன், ராத்திரிக்குள் பிடிஎஃப் வந்துவிட்டது. எப்படி எடுக்கிறார்கள்?

மென்பொருள் வைத்துப் பூட்டை உடைக்கிறவர்கள் உண்டு. ஆனால் தமிழ் நாவலுக்கு அவ்வளவு மெனக்கெடத் தேவையே இல்லை.

என் பதினான்காவது நாவலின் திருட்டுப் பிரதியை, பிடிஎஃப் பகிரும் ஒரு குழுவில் பார்த்தேன். 268 படங்கள். டேப்லெட் திரையை இன்னொரு போனால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, ஒன்றாகக் கோத்திருந்தார்கள். முதல் நூறு பக்கத்துக்கு மேல் திரைக் கண்ணாடியில் ஜன்னல் கம்பி நிழலாடுகிறது. 140-ஐத் தாண்டியதும் வெளிச்சம் மங்குகிறது. 170-க்குப் பிறகு கண்ணாடியில் ட்யூப் லைட். 203-ஆம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல், நகத்தில் மருதாணி. மத்தியானம் உட்கார்ந்த பெண் விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நடுவில் சமைத்திருப்பாள், பிள்ளைக்குச் சோறு போட்டிருப்பாள். கோபம் வந்தது. கூடவே, என் புத்தகத்துக்காக இவ்வளவு நேரம் உட்கார்ந்த வேறு யாரையும் எனக்குத் தெரியாது என்றும் தோன்றியது.

டிஆர்எம் என்கிற நகல் தடுப்புப் பூட்டுப் போட்டால் தடுக்க முடியாதா?

மருதாணி விரலைத் தடுக்காது. கோப்பை அப்படியே நகலெடுத்து அனுப்புகிற சோம்பேறிகளை ஓரளவு தடுக்கும். அதனால் நான் போடுகிறேன். 2025 பிப்ரவரி 26 முதல் கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது. பூட்டுடைப்பவர்களுக்கு அதனால் வேலை கூடியது. கேமராக்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, திருட்டுப் பிரதியை நீக்க வைப்பது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

அழுவதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட். குழுவின் பெயர், இணைப்பு, தேதி, கோப்பின் பெயர், பகிர்ந்தவரின் அடையாளம் எல்லாம் தெரிகிற மாதிரி. புகார் போன வாசனை பட்டால் பதிவு மறைந்துவிடும், நம் கையில் ஒன்றும் இருக்காது. குழுவில் போய்த் திட்டவும் வேண்டாம். திட்டினால் உங்களை வெளியேற்றிவிட்டு, உங்கள் பழைய நாவல்களையும் சேர்த்துப் போடுவார்கள். எனக்கு நடந்தது. ஒரே ராத்திரியில் ஒன்பது.

கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழுவில் இணைப்பு மட்டும் இருக்கும். கோப்பு பெரும்பாலும் கூகுள் டிரைவிலோ ஆவணத் தளங்களிலோ இருக்கும். டிரைவில் இருந்தால் கூகுளின் சட்டப் புகார்ப் படிவத்தில் காப்புரிமை மீறல் என்று குறித்து நேராக அனுப்புங்கள். என் அனுபவத்தில் இதுதான் சீக்கிரம் வேலை செய்கிறது. வேரை வெட்டினால் குழுவில் இருக்கும் நூறு இணைப்பும் செத்துவிடும். ஸ்க்ரிப்டு, ஆர்க்கைவ் போன்ற இடங்களுக்கும் தனித்தனிப் புகார் வழி உண்டு. கோப்பு டெலிகிராமிலேயே இருந்தால் அவர்களுடைய டிஎம்சிஏ மின்னஞ்சலுக்கு எழுத வேண்டும்.

டிஎம்சிஏ என்பது 1998-இல் வந்த அமெரிக்கச் சட்டம். பெரிய தளங்களெல்லாம் இதன்படிதான் நடக்கின்றன. கடிதத்தில் இருக்க வேண்டியவை: உங்கள் படைப்பு எது, மீறல் இருக்கும் சரியான இணைப்பு, உங்கள் தொடர்பு விவரம், இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புகிறீர்கள் என்ற வாக்கியம், சொன்னவை உண்மை, பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதி, கையொப்பம். பெயரைத் தட்டச்சு செய்தாலே கையொப்பம்தான். ஒரு முறை நன்றாக எழுதி வைத்துக்கொண்டால் பிறகு இணைப்பை மட்டும் மாற்றினால் போதும். "என் வயித்துல அடிக்கிறாங்க சார்" என்றெல்லாம் எழுத வேண்டாம், அங்கே படிப்பவருக்கு அது தேவையில்லை.

நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. 1957 காப்புரிமைச் சட்டம் பிரிவு 52(1)(சி), 2013 விதிகளில் 75-ஆம் விதி. எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால், கோப்பை வைத்திருக்கும் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை யாரும் திறக்க முடியாதபடி நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அவர்கள் திரும்பத் திறந்துகொள்ளலாம். 49 ரூபாய் நாவலுக்கு 21 நாளில் யார் கோர்ட்டுக்குப் போவது! ஆனால் அதற்குள் புது நாவலின் சூடு ஆறிவிடும் என்பதால் இதுவும் உதவுகிறது.

இந்த வேலைக்கு நேரம் ஒதுக்குங்கள். நான் ஞாயிறு காலை, இட்லி மாவு புளிக்கிற நேரத்தில், ஒரு மணி நேரம். தினமும் தேடினீர்களென்றால் எழுத முடியாது. வெளியிட்ட முதல் வாரம் மட்டும் விதிவிலக்கு.

புகார் கொடுத்தால் என் சொந்தப் பெயர் வெளியே வராதா? வீட்டில் தெரியாது.

வரலாம். நம்மில் பாதிப்பேர் இதனாலேயே புகார் கொடுப்பதில்லை. திருடுகிறவர்களுக்கும் அது தெரியும். கூகுளுக்கு அனுப்பும் புகார்கள் லூமென் என்ற பொதுத் தரவுத்தளத்துக்குப் போகின்றன. முகவரியை மறைப்பார்கள், அனுப்பியவரின் பெயர் இருக்கும். சில தளங்கள் புகாரைப் பதிவேற்றியவருக்கே அப்படியே அனுப்பிவிடும்.

வேறொருவருக்கு எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்து அவர் பெயரில் அனுப்பலாம். சட்டம் உரிமையாளரின் பிரதிநிதியையும் ஏற்கிறது. எங்கள் எழுத்தாளர் குழுவில் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு வக்கீல் அக்கா அனுப்புகிறார். மாதம் ஒரு சிறு தொகை. தனியாகச் செய்வதென்றால், இதற்கென்று தனி மின்னஞ்சல், அஞ்சல் பெட்டி முகவரி. தவறான பெயர் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், உறுதிமொழியில் பொய் சொன்னதாகிவிடும்.

காப்புரிமை பதிவு செய்தால்தான் உரிமையா?

இல்லை. எழுதிய கணத்திலிருந்து உங்களுடையது, ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 60 வருடம். பதிவு ஒரு சான்று. டெல்லியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு இணையவழியே விண்ணப்பிக்கலாம், இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். ஆட்சேபத்துக்கு 30 நாள் விட்டு, பிறகு பரிசீலிப்பார்கள். எல்லா நாவலுக்கும் செய்ய வேண்டாம். நன்றாக ஓடுகிற ஒன்றிரண்டுக்குச் செய்யுங்கள்.

போலீசுக்குப் போகலாமா?

காப்புரிமைச் சட்டம் பிரிவு 63-இன்படி தெரிந்தே மீறுவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது பிணையில் விட முடியாத, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் சொல்லிவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், பயிற்சிப் புத்தகங்கள் எழுதும் ஆசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கில், திருட்டுப் பிரதி பரப்பும் சேனல்களை நடத்துகிறவர்களின் விவரத்தைக் கொடுக்கும்படி டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. ஆக, ஒளிந்துகொள்ள முடியும் என்பது முழு உண்மையல்ல.

நடைமுறை வேறு. நான் ஒருமுறை சைபர் பிரிவுக்குப் போனேன். எழுதிக்கொண்டவர் "எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டு, "கதை எதைப் பத்திம்மா?" என்றார்.

இந்த பிடிஎஃப் குழுக்களில் இருப்பவர்கள் யார்?

நம் வாசகிகள். வேறு யாரும் இல்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாலு வருடம் ஆனது.

என் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். அது எங்கள் தெரு முழுக்கப் போகும். ஆறாம் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது மஞ்சள் கறையும் ஒரு பக்கக் குறைவும் இருக்கும். வாடகை நூல் நிலையத்தில் எடுத்துப் படித்தாலும் எழுத்தாளருக்குப் பத்துப் பைசா போனதில்லை. அந்த வழக்கம்தான் போனுக்குள் வந்திருக்கிறது. குழு நடத்துகிற பெண்ணைக் கேட்டால் தன்னைத் திருடி என்று சொல்ல மாட்டாள், "நூலகம் வச்சிருக்கேன்" என்பாள். வித்தியாசம் என்னவென்றால், அம்மாவின் பைண்டு ஒரே ஒரு பிரதி. ஆறாம் வீட்டில் இருக்கும்போது ஏழாம் வீட்டுக்காரி காத்திருந்தாக வேண்டும். பத்திரிகையும் காசு கொடுத்து வாங்கியது.

இதில் எல்லோரையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: "அக்கா, எங்கட கார்ட் அங்க வேலை செய்யுதில்ல. டொலர் விலையும் எங்களுக்குக் கூட. பிடிஎஃப்லதான் வாசிச்சன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அவருக்கு என் மற்ற நாவல்களையும் நானே அனுப்பலாம் என்று பார்த்தேன்; செலக்டில் இருந்ததால் முடியவில்லை. 90 நாள் முடிந்து ஒன்றை வெளியே எடுத்தபோது முதல் பிரதி அவருக்குத்தான் போனது. மறுபக்கம், 60,000 ரூபாய் போனில் என் கதையைத் திருட்டாகப் படித்துவிட்டு, "எழுத்துப்பிழை இருக்கே, கவனிக்க மாட்டீங்களா?" என்று என் உள்பெட்டிக்கே வந்தவரும் உண்டு.

திருட்டுப் பிரதி இலவச விளம்பரம்தானே?

சொல்பவரின் புத்தகம் எதுவும் திருடப்பட்டிருக்காது.

கொஞ்சம் நியாயமாகச் சொன்னால், பிடிஎஃப் படித்த எல்லோரும் இல்லாவிட்டால் வாங்கியிருப்பார்கள் என்பதும் பொய். குழுவில் 8,000 பேர் இருந்தால் 8,000 பிரதி நஷ்டம் என்று கணக்குப் போட்டு வயிறு எரியாதீர்கள். எரிய வேண்டியது முதல் பத்து நாளுக்குத்தான். அப்போது அன்லிமிடெட்டில் படித்திருக்கக்கூடியவர்கள் அங்கே போய்விடுகிறார்கள், அந்தப் பக்கங்கள் திரும்ப வருவதில்லை.

யூடியூபில் என் கதையை ஆடியோ நாவல் என்று வாசிக்கிறார்கள். நாவலின் பெயரைக்கூட மாற்றியிருக்கிறார்கள்.

இதில்தான் நமக்குக் கொஞ்சம் பலம் இருக்கிறது. யூடியூபின் காப்புரிமைப் படிவத்தை நிரப்புங்கள். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (மீறலுக்கான எச்சரிக்கை) என்றால் சேனலே போய்விடும், எனவே பயப்படுவார்கள். அவர்கள் எதிர் மனு போட்டால், நீங்கள் 10 வேலை நாளுக்குள் வழக்குத் தொடுத்ததைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். ஆனால் எதிர் மனு போட அவர்கள் சொந்தப் பெயர், முகவரி கொடுக்க வேண்டும். எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

ஒரு சேனல்காரம்மா போன் செய்து, "சிஸ்டர், உங்க கதைன்னு தெரியாது, வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்று அழுதார். குரல் நன்றாக இருந்தது. இப்போது என் மூன்று நாவலை அவரே முறையாக வாசிக்கிறார், வருமானத்தில் பாதிப் பாதி. எல்லோரிடமும் இப்படி அமையாது.

கதையையே திருடி, பெயர்களை மாற்றி இன்னொருவர் வெளியிட்டிருக்கிறார்.

பிடிஎஃப்பைவிட இது கொடுமை. அர்ஜுனை ஆதவ் ஆக்குவார்கள், கோயம்புத்தூரைச் சேலம் ஆக்குவார்கள், மற்றதெல்லாம் அப்படியே. வேர்டில் "எல்லாவற்றையும் மாற்று" கட்டளையில் கொடுப்பதால் அசட்டுத்தனமாக மாட்டிக்கொள்வார்கள். என் கதையில் நாயகனுடைய பெயர் வேலு. களவாடியவர் வேலுவை ராகுலாக்கியதில் வேலுநாச்சியார் ராகுல்நாச்சியார் ஆனார்.

இரண்டு நெடுவரிசை போட்டு, இந்தப் பக்கம் உங்கள் பத்தி, அந்தப் பக்கம் அவருடைய பத்தி என்று பத்து இடம் காட்டுங்கள். நீங்கள் முதலில் வெளியிட்ட தேதிக்கு ஆதாரம், தொடர் எபிகளின் ஸ்க்ரீன்ஷாட், பழைய வரைவுக் கோப்பு. கடைக்காரருக்கு இவையெல்லாம் சேர்த்துப் போனால் பெரும்பாலும் இறக்கிவிடுவார்கள். கரு ஒன்றுபோல் இருக்கிறது என்று மட்டும் புகார் போகாதீர்கள். கட்டாயக் கல்யாணம், பணக்கார நாயகன், கோபக்கார மாமியார் எதுவும் உங்கள் கண்டுபிடிப்பு அல்ல, என்னுடையதும் அல்ல.

திருடியது யாரோ, அமேசான் என்னைக் கேட்கிறதே?

செலக்டில் இருக்கும் புத்தகம் வெளியிலும் கிடைக்கிறது என்று மெயில் வரலாம். நடுங்க வேண்டாம், தள்ளியும் போடாதீர்கள். அனுமதியின்றிப் போடப்பட்டது என்று சொல்லி, நீங்கள் அனுப்பிய புகார்களின் நகலை இணைத்துப் பதில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அனுப்பியதையெல்லாம் தேதிவாரியாக ஒரு கோப்பில் நான் வைத்திருப்பது இதற்காகத்தான்.

முதல் ஒற்றை நட்சத்திரம் வந்திருக்கிறது. கையெல்லாம் நடுங்குகிறது.

எல்லோருக்கும் நடுங்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாளைக்குப் படியுங்கள். படித்தபின் அது எந்த ரகம் என்று பாருங்கள்.

சிலது கதையைப் பற்றியதே அல்ல. "இலவசம்னு நினைச்சேன்", "என் போன்ல ஓபன் ஆகல". சிலதில் எழுத்தே இருக்காது. கடைசிப் பக்கம் வந்ததும் கிண்டில் நட்சத்திரம் கேட்கும், விரல் பட்ட இடம் ஒன்று. விட்டுவிடுங்கள்.

சிலது உண்மையான விமர்சனம். எனக்கு வந்ததிலேயே உபயோகமான விமர்சனம் இரண்டு நட்சத்திரம்: "ஒன்பதாம் அத்தியாயத்தில் காலமான பெரியத்தை 22-ஆம் அத்தியாயத்தில் காபி ஆற்றுகிறார். ஆவியா?" தொடராக எழுதும்போது நானும் மறந்தேன், கமெண்ட் போட்ட 300 பேரும் மறந்தார்கள். காசு கொடுத்துப் படித்த ஒருவர் கவனித்தார். அன்று ராத்திரியே திருத்தி ஏற்றினேன்.

பிறகு, கோப விமர்சனம். என் பதினேழாவது நாவலில் நாயகி, அறைந்த கணவனிடம் திரும்பிப் போகவில்லை. பெருந்துறைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்து, விடுதி அறையில் தனியாகத் தோசை வார்ப்பதோடு கதை முடியும். தொடராக வந்தபோதே "சேர்த்து வைங்க ரைட்டர்ஜி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் சேர்க்கவில்லை. கிண்டிலில் வந்த நாலே நாளில் 4.3 இருந்தது 3.1 ஆனது. "குடும்பத்தைக் கெடுக்கிற கதை." "உங்க வீட்ல இப்படித்தானா?" "அவன் திருந்திட்டானே, இன்னும் என்ன வேணும் அவளுக்கு?" கடைசியாகச் சொன்னதை நான் பலமுறை படித்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. வாரத்துக்கு இருமுறை தன் வீட்டுப் பெண்ணாகப் பார்த்தவள் சொல்பேச்சுக் கேட்காமல் போய்விட்டாளே என்று அவளைத் திட்டியிருக்கிறார்.

பதில் எழுதலாமா?

கூடாது.

முகநூலில் பெயர் சொல்லாமல் குத்திக்காட்டுவதும் பதில்தான். உங்கள் ரசிகைகள் போய் அந்த விமர்சகரை மொய்ப்பார்கள், அவர் பத்துப் பேரைக் கூட்டி வருவார்.

கூட்டமாகச் சேர்ந்து வந்து நட்சத்திரத்தைக் குறைக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால்?

ஒரே நாளில், ஒரே வார்த்தைகளில், கதையைப் படித்த அடையாளமே இல்லாமல் வந்தால் ஒவ்வொன்றின் கீழும் இருக்கும் புகார்ப் பொத்தானை அழுத்துங்கள். ஆளைத் திட்டுகிற, குடும்பத்தை இழுக்கிற விமர்சனங்களை எடுப்பார்கள். "மொக்கை" என்பதை எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. மிரட்டல், படத்தை மாற்றி ஒட்டுவது என்று போனால் அது விமர்சனமல்ல. சைபர் உதவி எண் 1930-ஐ அழைக்காதீர்கள், அது பணமோசடிக்கு. தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்களுக்கெதிரான குற்றம் என்ற பிரிவில் புகாரளியுங்கள்.

தோழிகளிடம் ஐந்து நட்சத்திரம் கேட்டு சமன் செய்யலாமா?

"நீ எனக்கு, நான் உனக்கு" குழுக்கள் நிறைய உண்டு. நெருங்கிய உறவும் நட்பும் விமர்சனம் எழுதுவதை அமேசான் அனுமதிப்பதில்லை. கைமாற்று விமர்சனமும் அப்படியே. மாட்டினால் விமர்சனங்கள் மொத்தமாக மறையும், கணக்குக்கும் ஆபத்து. தவிர, "அருமை சகி, வாழ்த்துகள்" என்று நாற்பது இருந்தால் காசு கொடுக்கப் போகிறவர் அதை நம்புவதில்லை. நானே நம்ப மாட்டேன்.

அச்சில் போட்டால் திருட்டு குறையுமா?

குறையாது, ஸ்கேன் செய்வார்கள். ஆனால் வேறு வாசகர் கிடைப்பார்கள். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் இந்தியாவில் இலவசம், அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். கேடிபியின் தாள் பதிப்பு அமேசானின் இந்தியக் கடையில் கிடையாது. இங்கே தேவைக்கேற்ப அச்சடிக்கும் அச்சகங்களில் ஐம்பது, நூறு என்று எடுக்கலாம். நான் 200 போட்டு 90-ஐக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். அதில் பல்லி முட்டை இட்டிருக்கிறது.

அக்கா, உங்க புது நாவல் பிடிஎஃப் இருந்தா அனுப்புங்களேன்?

மாதம் இரண்டு முறையாவது, என்னிடமே, இந்தக் கேள்வி வருகிறது. இல்லை கண்ணு. விலை 49 ரூபாய், அன்லிமிடெட் வைத்திருந்தால் அதுவும் வேண்டாம். 90 நாளுக்கு ஐந்து நாள் இலவசமாக விட எனக்கு அனுமதி உண்டு. அதில் இரண்டைப் பொங்கலுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். போகிக்கு மறுநாள் காலையில் வந்து இறக்கிக்கொள்ளுங்கள்.